நகரத்துக் காசநோய்க்கு எத்தனை வயது?

ஒரு பெருநகரத்தின் காசநோய் அறிக்கை வெளிவந்ததும் எல்லோரும் முதலில் பார்ப்பது மொத்த எண்ணிக்கையை. போன வருடத்தைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடிவைத்துவிடுகிறார்கள். உருப்படியான தகவல் உள்ளே வேறொரு பக்கத்தில் இருக்கும். நோயாளிகளின் வயது என்ன, எந்த நாட்டில் பிறந்தவர்கள், இந்த நகரத்துக்கு வந்து எத்தனை வருடமாகிறது என்று மூன்றையும் சேர்த்துப் போட்ட அட்டவணை அது. சில நகரங்கள் அதை வெளியிடுவதே இல்லை. அது இல்லாமல் ‘டிபி ஏறிக்கொண்டிருக்கிறது’ என்று மட்டும் சொன்னால், அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது.

காசநோயில் தொற்று வேறு, நோய் வேறு. உலக மக்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் இந்தக் கிருமியை எப்போதாவது சுவாசித்து, அதன் அடையாளத்தை உடலில் வைத்திருப்பவர்கள் என்று கணிக்கப்படுகிறது. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் நோய் வரும். வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தொற்றிய முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள் வந்துவிடும். மிச்சப் பேருக்கு இருபது, முப்பது வருடம் கழித்துக்கூட வரலாம். இப்படிக் கிருமி உள்ளே இருந்தும் நோய் வராத மறைநிலையில் இருப்பவருக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், யாருக்கும் பரப்ப மாட்டார்.

இதனால்தான் நோயாளியின் வயது அவ்வளவு பேசுகிறது. அந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்த 22 வயதுக்காரருக்கு நுரையீரல் காசநோய் வந்தால், தொற்றி நீண்ட காலம் ஆகியிருக்க வழியில்லை. யாரோ ஒருவர் கண்டுபிடிக்கப்படாமல் பக்கத்திலேயே இருமிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். 78 வயதுக்காரருக்கு வந்தால், அவர் சிறுவயதில், ஊரெல்லாம் காசநோய் இருந்த காலத்தில் வாங்கிக்கொண்ட கிருமி இப்போது விழித்திருக்க வாய்ப்பு அதிகம். உள்ளூரில் பிறந்தவர்களில் சராசரி வயது ஏறிக்கொண்டே போனால் பரவல் அடங்கிவருகிறது என்று கொள்ளலாம். இறங்கினால் கவலைப்பட வேண்டும், மொத்த எண்ணிக்கை குறைந்திருந்தாலும்.

குடியேறி வந்த 25 வயதுக்காரரிடம் இந்தக் கணக்கு பலிக்காது. காசநோய் அதிகமுள்ள நாட்டில் பிறந்து வளர்ந்தவர் என்றால், தொற்று அங்கே பள்ளிக்கூட வயதில் நேர்ந்திருக்கலாம். நோய் இங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு தலைகாட்டியிருக்கலாம். அல்லது இங்கே வந்து, நெரிசலான அறையில் கூடத் தங்கியவரிடமிருந்தே தொற்றியிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். செய்ய வேண்டிய வேலை மட்டும் வேறு: முதலாவதற்கு மறைநிலைத் தொற்றைத் தேடி மருந்து கொடுக்க வேண்டும், இரண்டாவதற்கு அந்த அறையில் இருந்தவர்களைத் தேட வேண்டும். நகர நிர்வாகங்கள் அடிக்கடி தடுமாறுவது இந்த இடத்தில்தான். ‘வெளியிலிருந்து வந்த நோய்’ என்று ஒரே பெட்டியில் போட்டுவிட்டு, விமான நிலையத்தைக் கைகாட்டிவிடுகிறார்கள்.

ஜப்பான் நல்ல எடுத்துக்காட்டு. 2021இல்தான் அந்த நாடு முதன்முறையாக ஆண்டுக்கு லட்சத்துக்கு 10 நோயாளிகளுக்குக் கீழே வந்தது. அந்த ஆண்டின் விகிதம் 9.2. அங்கே நோயாளிகளில் பெரும்பான்மை முதியவர்கள், இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் தொற்று வாங்கியவர்கள். ஆனால் இருபதுகளில் இருக்கும் நோயாளிகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் பெரும்பாலோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள், மொழி படிக்கவோ தொழிற்பயிற்சிக்கோ வந்தவர்கள். ஒரே நாட்டுக்குள் இரண்டு காசநோய்கள். மொத்த வரைகோடு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தபோது அதற்குள்ளேயே இளைஞர்களின் படம் மாறிக்கொண்டிருந்தது.

காசநோய் குறைவாக உள்ள மற்ற நாடுகளிலும் இதே திசைதான். அமெரிக்காவில் இன்று நோயாளிகளில் நான்கில் மூன்று பங்கு வெளிநாட்டில் பிறந்தவர்கள். இங்கிலாந்தில் ஐந்தில் நான்கு பங்கு. நியூயார்க் நகரத்தின் கதை இந்த மாற்றத்தை ஒரே ஊருக்குள் காட்டுகிறது. 1992இல் அங்கே 3,811 பேருக்குக் காசநோய் பதிவானது. எழுபதுகளின் கடைசியில் இருந்ததைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. அன்று பெரும்பான்மை நோயாளிகள் அந்த நாட்டிலேயே பிறந்தவர்கள். எச்ஐவி, வீடற்றோர் தங்குமிடங்கள், சிறைகள், மருத்துவமனை வார்டுகள், அதற்கு முந்தைய ஆண்டுகளில் வெட்டப்பட்ட சுகாதார நிதி எல்லாம் சேர்ந்து உருவாக்கிய பரவல் அது. கிருமியின் மரபணு ரேகைகளை ஒப்பிட்டபோது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அண்மையில் தொற்றியவை என்று தெரியவந்தது. நேரடிக் கண்காணிப்பில் மாத்திரை கொடுப்பதைப் பெரிய அளவில் நடத்தி அதை அடக்கினார்கள். இன்று அதே நகரத்தில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள். பரவலை அடக்கியதன் விளைவு இது: புதிய தொற்று வற்றியதும், பழைய தொற்று மட்டும் மிஞ்சி நிற்கிறது. குடியேறியவர்களின் சதவீதம் ஏறுவதைப் பார்த்துப் பதறுகிறவர்கள் இந்தப் பின்னத்தின் கீழ்ப்பகுதி, அதாவது மொத்த நோயாளிகளின் எண்ணிக்கை, சுருங்கியதைக் கவனிப்பதில்லை.

எண்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். விகிதத்தைக் கணக்கிட மக்கள்தொகை வேண்டும்; மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பல நாடுகளில் பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கிறது. ஒரு நகரத்துக்கு மூன்றே வருடத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வந்து சேர்ந்தால் அவர்களுடைய நோய் பின்னத்தின் மேலே எண்ணப்படும், அவர்களுடைய தலை கீழே மக்கள்தொகையில் எண்ணப்படாது. விகிதம் வீங்கித் தெரியும். எண்ணிக்கை சிறிதாக இருந்தால் இன்னொரு சிக்கல்: வருடத்துக்கு 200 நோயாளிகள் உள்ள ஊரில் எந்தக் காரணமும் இல்லாமலே 28 பேர் கூடலாம், குறையலாம். 200 போய் 220 ஆனதற்கெல்லாம் தலைப்புச் செய்தி போடுவது வீண். 2020ஐ அடிப்படை ஆண்டாக வைத்து யாராவது வரைபடம் காட்டினால் எச்சரிக்கையாக இருங்கள். உலக அளவில் 2019இல் 71 லட்சம் பேர் புதிதாகக் கண்டறியப்பட்டார்கள், கொரோனா ஆண்டான 2020இல் 58 லட்சம் பேர்தான். நோய் குறையவில்லை, கண்டுபிடிப்பது குறைந்தது. 2023இல் அந்த எண் 82 லட்சம். இடையில் தவறவிட்டவர்களும் இந்த ஏற்றத்துக்குள் இருக்கிறார்கள்.

ஏன் இளைஞர்கள்?

குழந்தைகளில் ஐந்து வயதுக்குக் கீழே நோய் வேகமாகவும் கடுமையாகவும் வரும். ஐந்திலிருந்து பத்து வயது வரை ஒரு விசித்திரமான இடைவெளி. தொற்றினாலும் நோயாவது குறைவு. பருவமடையும் வயதில் இது திரும்பவும் ஏறத் தொடங்கி, இருபதுகளில் உயரமான நிலைக்கு வந்துவிடும். அதோடு நோயின் உருவமும் மாறுகிறது. நுரையீரலின் மேல்பகுதியில் குழிவிழும் பெரியவர்களின் காசநோய் இந்த வயதில்தான் ஆரம்பிக்கிறது. குழிக்குள் கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகி மூச்சுக்குழாய் வழியாக வெளியே வரும். எனவே இளைஞர்கள் நோயாளிகள் மட்டுமல்லர், திறமையாகப் பரப்புகிறவர்களும்கூட.

இதன் மேல் சமூகக் காரணங்கள் ஏறுகின்றன. இந்த வயதில்தான் மனிதர்கள் வீட்டுக்கு வெளியே அதிக நேரம், அதிக பேருடன் கழிக்கிறார்கள். புலம்பெயர்ந்து வருகிறவர்களும் பெரும்பாலும் இந்த வயதினர். ஆகவே ‘இளைஞர்களிடையே காசநோய்’ என்பதும் ‘குடியேறியவர்களிடையே காசநோய்’ என்பதும் பல நகரங்களில் ஒரே மனிதர்களை இருமுறை எண்ணுவதுதான். வயதையும் பிறந்த நாட்டையும் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மட்டுமே, உள்ளூரில் பிறந்த இளைஞர்களிடம் ஏதேனும் நடக்கிறதா என்று தெரியும்.

வாடகையைச் சொல்லாமல் விட முடியாது. ஓர் அறையில் நான்கு பேர், ஷிப்ட் மாறும்போது படுக்கையும் மாறும். குளிர் ஊரில் ஜன்னல் திறப்பதே இல்லை. கிருமி சுமந்த நுண்துளிகள் 1 முதல் 5 மைக்ரான் அளவுள்ளவை. மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். ஒரு மணிநேரத்துக்கு 12 முறை காற்று மாறும் அறையில் அவற்றில் 99 சதவீதம் 23 நிமிடத்தில் போய்விடும். 6 முறை என்றால் 46 நிமிடம். 2 முறை மட்டும் மாறும் அறையில் 138 நிமிடம். தட்டு, டம்ளர், துணி வழியாக இது பரவாது. நோயாளிக்குத் தனித் தட்டு வைத்துவிட்டு ஜன்னலை அடைத்து வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ.

எல்லையில் எடுக்கும் எக்ஸ்ரே

பிரிட்டன் 2012க்குப் பிறகு விசாவுக்கு முந்தைய பரிசோதனையை விரிவாக்கியது. லட்சத்துக்கு 40 பேருக்கு மேல் காசநோய் உள்ள நாடுகளிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்க வருகிறவர்கள் புறப்படும் முன்பே மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் சளி கொடுக்க வேண்டும். சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். ஜப்பானும் 2025இல் சில நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு இதைத் தொடங்கியது. லண்டனில் 2011 வாக்கில் சுமார் 3,500 ஆக இருந்த வருடாந்தர எண்ணிக்கை 2018க்குள் ஏறத்தாழ பாதியானது. இதில் பரிசோதனைக்குப் பங்கு உண்டு. யார் யார் எங்கிருந்து வந்தார்கள் என்பது மாறியதற்கும் பங்கு உண்டு. பிறகு இங்கிலாந்து முழுவதிலும் 2023, 2024 இரண்டு ஆண்டுகளும் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறியது. பரிசோதனையை யாரும் நிறுத்தவில்லை.

எக்ஸ்ரே அன்றைக்கு நுரையீரலில் இருக்கும் நோயைத்தான் பிடிக்கும். மறைநிலைத் தொற்று அதில் தெரியாது. சான்றிதழோடு வந்து இறங்கியவருக்குப் பதினான்கு மாதம் கழித்து நோய் வந்தால் பரிசோதனை தோற்றது என்று அர்த்தமில்லை, அது செய்யக்கூடியதைச் செய்துவிட்டது. தீங்கு வேறு இடத்தில் நேர்கிறது: மூன்று வாரமாக இருமும் மாணவரைப் பார்க்கும் மருத்துவர் ‘வரும்போதே சோதித்துத்தானே அனுப்பியிருப்பார்கள்’ என்று நினைத்துக்கொள்கிறார். அந்த நினைப்பு பல வாரங்களை விழுங்கிவிடும்.

வந்த முதல் சில வருடங்களில்தான் நோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். ஆனால் அது அதோடு முடிந்துவிடுவதில்லை, பத்து வருடம் கழிந்தும் உள்ளூர்க்காரர்களைவிட அதிகமாகவே இருக்கும். நடுவில் ஊருக்குப் போய் இரண்டு மூன்று மாதம் தங்கி வருவதும் ஒரு காரணம். சர்க்கரை நோய் வாய்ப்பை இரண்டு மூன்று மடங்காக்கும், புகைபிடித்தல் ஏறத்தாழ இரண்டு மடங்காக்கும். எச்ஐவி சிகிச்சையில்லாமல் இருந்தால் பல மடங்கு. மூட்டுவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் கொடுக்கும் ஊசிகளில் டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தை முடக்குபவை தூங்கும் கிருமியை எழுப்பிவிடும். அவற்றைத் தொடங்கும் முன் சோதிப்பது கட்டாயம். வெயில் குறைந்த நாட்டுக்கு வந்தவர்களிடம் வைட்டமின் டி குறைவு பரவலாக உண்டு, அதற்கும் காசநோய்க்கும் தொடர்பு பேசப்படுகிறது. ஆனால் மாத்திரை கொடுத்தால் தடுக்கலாம் என்ற நம்பிக்கையை மங்கோலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2020இல் பொய்யாக்கிவிட்டது.

கண்டுபிடிப்பதில் எங்கே தவறுகிறது

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் ஏறும் காய்ச்சல், இரவில் சட்டை நனையும் வியர்வை, எடை குறைதல். பாடம் இதுதான். இளைஞர்களிடம் இது பாதியாகத்தான் தெரியும். எடை குறைவதை ‘சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’ என்பார்கள், வியர்வையை ‘போர்வை கனம்’ என்பார்கள். முதலில் ஓர் ஆன்டிபயாட்டிக், பிறகு ஆஸ்துமா என்று ஒரு இன்ஹேலர், பிறகு இன்னொரு ஆன்டிபயாட்டிக். இதில் லெவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் குடும்பத்து மருந்து கொடுத்துவிட்டால் சிக்கல் இரட்டிப்பு. அது காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடிக்கும். இருமல் தணியும், பத்து நாளில் திரும்பும், சளியில் கிருமி கிடைக்காமல் போகும், தனியாக இந்த ஒரு மருந்தையே பார்த்த கிருமி அதற்கு எதிர்ப்பும் வளர்த்துக்கொள்ளலாம். காசநோய் இருக்கலாம் என்ற சந்தேகம் ஒரு துளி இருந்தாலும், சளி எடுத்துவிட்டு வேறு மருந்துக்குப் போவதே முறை.

தெற்காசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்களிடம் நுரையீரலுக்கு வெளியே வருவது மிக அதிகம். கழுத்தில் வலியில்லாமல் நெறி கட்டி மாதக்கணக்கில் கிடப்பது மிகப் பரவலான வடிவம். எடை தூக்குகிற வேலை செய்யும் இளைஞருக்கு ஓயாத முதுகுவலி என்றால் தசைப்பிடிப்பு என்று ஒதுக்குவார்கள். முதுகெலும்புக் காசநோய் இரவிலும் வலிக்கும், ஓய்வில் விடாது. மார்பில் ஒருபக்கம் நீர் கோப்பது, வயிற்றுவலியோடு குடல் காசநோய், கண்ணுக்குள் அழற்சி எல்லாமே உண்டு. இவற்றில் பெரும்பாலானவை பிறருக்குத் தொற்றாதவை. இருமல் இல்லாததால் யாருக்கும் சந்தேகம் வராது; நெறியை ஊசியால் உறிஞ்சி எடுத்தவர் கொஞ்சம் கிருமி வளர்ப்புக்கும் அனுப்பாமல், முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிடுவார். ஃபார்மலினில் கிருமி செத்துவிடும். மருந்து எதிர்ப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அதோடு போச்சு.

சளி கொடுப்பது அற்பமான வேலையாகத் தோன்றும், ஆனால் பாதி தோல்வி இங்கேதான். காலையில் எழுந்ததும், சாப்பிடும் முன், வெறும் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். இரண்டு முறை ஆழமாக மூச்சிழுத்து சில நொடி நிறுத்தி விட வேண்டும். மூன்றாம் முறை நெஞ்சின் அடியிலிருந்து இருமித் துப்ப வேண்டும். 3 முதல் 5 மில்லி வேண்டும், அதாவது ஒரு டீஸ்பூன். தெளிந்த எச்சில் பயனற்றது. திறந்த வெளியில் அல்லது ஜன்னல் அருகே தனியாக நின்று எடுக்க வேண்டும், குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு எடுக்கக் கூடாது. உடனே அனுப்ப முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வைக்கலாம். சளியே வராதவர்களுக்கு 3 முதல் 5 சதவீத உப்புநீரை ஆவியாகச் சுவாசிக்கக் கொடுத்து வரவழைப்பார்கள்.

நுண்ணோக்கியில் தெரிய ஒரு மில்லியில் 5,000 முதல் 10,000 கிருமிகள் வேண்டும். கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் அல்ட்ரா சோதனைக்குச் சுமார் 16 போதும்; முக்கியமான காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி எதிர்ப்பு வளர்த்திருக்கிறதா என்பதையும் இரண்டு மணிநேரத்துக்குள் சொல்லிவிடும். திரவத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை ஆறு வாரம் வரை ஆகும், ஆனால் மற்ற மருந்துகளுக்கான எதிர்ப்பை அறிய அது வேண்டும். குடியேறியவர்களிடம் அதைத் தவிர்க்கவே கூடாது, அவர்கள் வாங்கிவந்த கிருமி எந்த ஊர் மருந்துகளைப் பார்த்துப் பழகியது என்று யாருக்குத் தெரியும்? ஒருமுறை காசநோய் வந்து குணமானவருக்கு அல்ட்ரா இறந்த கிருமிகளின் மரபுப்பொருளைக் காட்டி ஏமாற்றவும் செய்யும். பழைய சிகிச்சையைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தூங்கும் கிருமியைத் தேடுவது

என் கணிப்பில் பெருநகரம் ஒன்று காசநோய்க்குச் செலவிடும் பணத்தில் அதிகப் பலன் தருவது இதுவே. மிகவும் அரைகுறையாகச் செய்யப்படுவதும் இதுவே. இங்கிலாந்தில் 16 முதல் 35 வயது வரை, கடந்த ஐந்து வருடத்துக்குள் வந்தவர்கள், சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவிலிருந்தோ லட்சத்துக்கு 150 பேருக்கு மேல் காசநோய் உள்ள நாட்டிலிருந்தோ வந்திருந்தால் இரத்தப் பரிசோதனைக்கு அழைக்கிறார்கள். வயதும் வந்த காலமும் சேர்ந்த இந்த வரையறை சரியானது: நோய் வரும் வாய்ப்பு அதிகம், மருந்தால் கல்லீரல் கெடும் வாய்ப்பு குறைவு.

தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனையில் 0.1 மில்லி திரவத்தை முன்கையின் தோலுக்குள் செலுத்தி, 48 முதல் 72 மணிநேரத்துக்குள் தடிப்பை அளக்க வேண்டும். சிவப்பை அளக்கக் கூடாது, விரலில் தட்டுப்படும் தடிப்பை மட்டும். பிசிஜி என்னும் காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்கு இது பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம், இரண்டாம் முறை வந்து காட்டவேண்டிய தொல்லையும் உண்டு. வேலைக்குப் போகிறவர்கள் வராமல் போய்விடுவார்கள். இக்ரா என்னும் இரத்தப் பரிசோதனையைப் பிசிஜி பாதிக்காது, ஒரே முறை ரத்தம் எடுத்தால் போதும். அதில் வேறு வகைத் தவறுகள். இக்ராவில் ஒரு வகையான குவான்டிஃபெரானின் நான்கு குழாய்களிலும் சரியாக ஒரு மில்லி ரத்தம் வர வேண்டும், எடுத்ததும் பத்து முறை குலுக்க வேண்டும், குறித்த நேரத்துக்குள் 37 டிகிரி வெப்பப் பெட்டியில் வைத்து 16 முதல் 24 மணிநேரம் விட வேண்டும். வெள்ளி மாலை எடுத்து மேசையிலேயே கிடந்த குழாய்கள் ‘தீர்மானிக்க இயலவில்லை’ என்று திரும்பி வரும். தட்டம்மைத் தடுப்பூசி போல உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசி போட்டிருந்தால் அதே நாளில் ரத்தம் எடுக்க வேண்டும், இல்லையேல் நான்கு வாரம் பொறுக்க வேண்டும்.

இந்த இரண்டு சோதனைகளும் தொற்றையும் நோயையும் பிரித்துச் சொல்லாது. நெகட்டிவ் வந்துவிட்டதால் நோய் இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது, உண்மையான நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்கு நெகட்டிவ் வரக்கூடும். பாசிட்டிவ் என்றால் அறிகுறிகளைக் கேட்டு எக்ஸ்ரே எடுத்து நோய் இல்லையென்று உறுதிசெய்த பிறகே தடுப்பு மருந்து. நோய் உள்ளவருக்கு மறைநிலைக்கான ஒன்றிரண்டு மருந்தை மட்டும் கொடுப்பது எதிர்ப்பை விதைப்பதற்குச் சமம்.

தடுப்பு மருந்தில் பழைய முறை ஐசோனியாசிட் 300 மில்லிகிராம் தினமும் ஆறு அல்லது ஒன்பது மாதம். உடம்பில் ஒன்றுமே இல்லாத 24 வயதுக்காரர் ஒன்பது மாதம் மாத்திரை சாப்பிடுவார் என்று எதிர்பார்த்தது பேராசைதான். இப்போது மூன்று எளிய வழிகள் உண்டு. ரிஃபாம்பிசின் 600 மில்லிகிராம் தினமும் நான்கு மாதம், ஐசோனியாசிடும் ரிஃபாம்பிசினும் சேர்த்து மூன்று மாதம், அல்லது ஐசோனியாசிடும் ரிஃபாபென்டைனும் தலா 900 மில்லிகிராம் வாரம் ஒருமுறை, மொத்தம் 12 வாரம். கடைசி முறையில் ஒரே நாளில் ஒன்பது மாத்திரை வரை விழுங்க வேண்டியிருக்கும். சாப்பாட்டோடு எடுத்தால் ரிஃபாபென்டைன் நன்றாகச் சேரும். மூன்றாம் நான்காம் வாரத்தில் சிலருக்குச் சில மணிநேரம் ஃப்ளூ போல உடம்பு முறியும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் அந்த வாரத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

ரிஃபாம்பிசின் குடும்பம் சிறுநீரையும் கண்ணீரையும் ஆரஞ்சு நிறமாக்கும், கான்டாக்ட் லென்ஸில் கறை படியும். அதைவிட முக்கியமானது: கருத்தடை மாத்திரை, பட்டை, வளையம், கைக்குள் வைக்கும் குச்சி எல்லாவற்றின் பலனையும் குறைத்துவிடும், மருந்தை நிறுத்திய பிறகும் நான்கு வாரம் அந்தக் குறைவு இருக்கும். கருப்பைக்குள் வைக்கும் சாதனமும் மூன்று மாத ஊசியும் பாதிக்கப்படாது. இளம்பெண்களிடம் இதைக் கேட்காமல் மருந்துச் சீட்டு எழுதுவது பொறுப்பில்லாத வேலை.

நோய் உறுதியானால்

வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் நான்கும். அடுத்த நான்கு மாதம் முதல் இரண்டு மட்டும். கூட்டு மாத்திரையில் 75, 150, 400, 275 மில்லிகிராம் வீதம் நான்கும் இருக்கும். தினமும் எத்தனை மாத்திரை என்பது நோயாளியின் எடையைப் பொறுத்தது. சிகிச்சையில் எடை ஏறும், எனவே அளவைத் திரும்பப் பார்க்க வேண்டும், பார்ப்பவர்கள் குறைவு. இரண்டு மாத முடிவில் சளியில் கிருமி இன்னும் வளர்ந்து, முதல் எக்ஸ்ரேயில் குழியும் இருந்திருந்தால் ஆறு மாதம் ஒன்பதாக நீளும். முதல் இரண்டு மாதத்துக்குள் தொடர்ந்து 14 நாள் விட்டுப்போனால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு பெடாக்விலின் உள்ளிட்ட ஆறு மாத முறை 2022இல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையில் இடம்பெற்றது. 18 மாதம், 20 மாதம் என்றிருந்த காலம் பெரும்பாலோருக்கு மலையேறிவிட்டது.

குமட்டலும் கண் மஞ்சளும் வந்தால் எல்லா மாத்திரையையும் அன்றே நிறுத்திவிட்டுக் கல்லீரலைச் சோதிக்க வேண்டும். பைரசினமைடுதான் பெரும்பாலும் குற்றவாளி, அது மூட்டுவலியும் கொடுக்கும். எத்தாம்பியூட்டால் எடுக்கும்போது சிவப்பும் பச்சையும் மங்கினால் உடனே சொல்ல வேண்டும். கை கால் எரிச்சலைத் தடுக்க ஐசோனியாசிடோடு வைட்டமின் பி6 சேர்ப்பார்கள். கழுத்து நெறிக்குச் சிகிச்சை எடுப்பவர்களில் சிலருக்கு இரண்டாம் மாதம் அது திடீரென்று பெரிதாகும், புதிதாகவும் ஒன்று முளைக்கும். மருந்து தோற்றுவிட்டதாக எண்ணிக் கைவிடுகிறவர்கள் உண்டு; பெரும்பாலும் அது செத்த கிருமிகளுக்கு உடம்பு காட்டும் எதிர்வினைதான்.

மாத்திரை விழுங்குவதைப் பார்த்து உறுதிசெய்ய, தினமும் மருத்துவமனைக்கு வரச் சொல்வது இரவுப் பணியில் இருப்பவரை வேலையா மருந்தா என்று கேட்பதற்கு நிகர். கைப்பேசியில் காணொளி அனுப்பச் செய்தால் போதும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் இதை நேரில் பார்ப்பதற்குச் சமமாக ஏற்றுக்கொண்டது.

அடுத்து உடனிருந்தவர்களைத் தேடும் வேலை. இருமல் தொடங்கியதற்கு மூன்று மாதம் முன்பிலிருந்து கணக்கெடுக்க வேண்டும். ‘யாருக்கெல்லாம் பரப்பியிருப்பீர்கள்?’ என்று கேட்டால் பெயர் வராது. எங்கே தூங்குகிறீர்கள், யாருடைய வண்டியில் வேலைக்குப் போகிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை எங்கே இருப்பீர்கள் என்று கேட்டால் வரும். விசா பறிபோகும், வீட்டுக்காரர் வெளியேற்றுவார் என்ற பயம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. தகவல் குடியேற்ற அலுவலகத்துக்குப் போகாது என்று அவருடைய மொழியில், சொந்தக்காரர் அல்லாத மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல முடியாத சட்டம் உள்ள ஊரில் தேடல் நடக்காது, பட்டியல்தான் நடக்கும். உடனிருந்தவர்களுக்கு இன்று நெகட்டிவ் என்றால் கடைசியாகச் சேர்ந்திருந்த நாளிலிருந்து 8 முதல் 10 வாரம் கழித்துத் திரும்பவும் சோதிக்க வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால், நோய் இல்லை என்று பார்த்துவிட்டு, அந்த இடைவெளியிலேயே தடுப்பு மருந்தைத் தொடங்கிவிட வேண்டும்.

இப்போது கிருமியின் முழு மரபணு வரிசையை ஒப்பிட முடிகிறது. இரண்டு நோயாளிகளின் கிருமிகளுக்குள் ஐந்து எழுத்துக்குள் வித்தியாசம் என்றால் அண்மைப் பரவல் என்று சந்தேகிக்கலாம். பன்னிரண்டுக்கு மேல் என்றால் அவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரே விடுதியில் மூன்று மாணவர்களுக்கு வந்து, மூவரின் கிருமியும் வெவ்வேறாக இருந்தால் விடுதியில் பரவல் இல்லை, மூவரும் தத்தம் ஊரிலிருந்து கொண்டுவந்தவை. அப்போது விடுதியைப் பூட்டுவதற்குப் பதில் எல்லா மாணவர்களுக்கும் இக்ரா செய்யலாம்.

இளைஞர்கள் சிகிச்சை நடுவில் ஊர் மாறுவார்கள். படிப்பு முடியும், வேறு நகரத்தில் வேலை கிடைக்கும், பெற்றோரைப் பார்க்கப் போவார்கள். கையில் கொடுத்தனுப்ப வேண்டியவை: மருந்து எதிர்ப்புச் சோதனையின் முடிவு, இதுவரை விழுங்கிய மாத்திரை நாட்களின் எண்ணிக்கை, தற்போதைய எடையும் அளவும், கடைசிச் சளிப் பரிசோதனையின் தேதி, குறைந்தது ஒரு மாத மருந்து. போய்ச் சேரும் ஊரின் மருத்துவமனைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் பேசிவிடுவதும் நல்லது. எதிர்ப்புச் சோதனைத் தாள் இல்லாமல் போனவருக்கு அங்கே என்ன நடக்கும் என்றால், திரும்பவும் சளி கேட்பார்கள். மூன்று மாதம் மருந்து சாப்பிட்டவரின் சளியில் வளர்க்கப் பெரும்பாலும் எதுவும் இருக்காது.